சிவப்புக் காரும் ஒரு செத்தவீடும்

எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை வெளியே சொல்லும் துணிவு அண்மையில்தான் வந்தது. அதற்கு முன்பு, வெள்ளைக்காரர்கள் பழைய கார்களைத் திருத்தும் காணொளிகளைக் கைபேசியில் ஓயாமல் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன். (காணொளியில் துரு நாலு நிமிடத்தில் போய்விடும்.)

அரியாலையில் எங்கள் வளவுக்குள், தகரக் கொட்டில் ஒன்றில், அம்மான் லண்டனுக்குப் போகும்போது விட்டுச்சென்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டே ஆசனம். கூரை கிடையாது. நீண்ட மூக்கு. ஒரு காலத்தில் சிவப்பு. கடல்நீரேரிக் காற்று வருடக் கணக்காக அதைத் தின்றிருந்தது. "வேணுமெண்டா திருத்து, இல்லாட்டி இரும்புக்குக் குடு" என்று அம்மான் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நானோ, மூடியிருந்த படங்கை விலக்கி அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மூலஸ்தானத்தின் முன் நிற்பவன்போல் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். அப்படி ஓர் அழகு.

என் மனைவி இந்துமதி வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறாள். மெஷின்களும் பிள்ளைகளும் விறாந்தையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, ஓடாத காருக்கு ஒரு கொட்டிலா என்பது அவளுடைய கேள்வி. நியாயமான கேள்வி என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

ஒருநாள் முடிவெடுத்தே ஆகவேண்டும் என்றாள். காணொளியில் கண்டபடி ஒரு ஸ்குறூ டிறைவரை எடுத்து, இரும்பு உறுதியாக இருக்கிறதா என்று காரின் அடிப்பக்கத்தைக் குத்திப் பார்த்தேன். குத்திய இடமெல்லாம் உள்ளே போனது. ஓரிடத்தில் போனது திரும்பி வரவேயில்லை. அது இன்னமும் அந்தக் காருக்குள் எங்கேயோ இருக்கிறது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கார் தன் சொந்தக் காலில் நல்லூர்க் கோயில் வரை இடையில் நிற்காமல் ஓடினால் திருத்துவது. வழியில் நின்றால் பழைய இரும்புக்காரருக்கு. நீதிபதி இந்துமதி. ஆகவே அவளும் கூட வரவேண்டும்.

மானிப்பாயிலிருந்து சிவம் அண்ணை என்ற மெக்கானிக் வந்து சில நாட்கள் மல்லுக்கட்டினார். என்ஜின் முதன்முதலாகப் பிடித்த கணத்தை என்னால் மறக்க முடியாது. கொட்டிலின் தகரங்கள் எல்லாம் அதிர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (புகை என்று இந்துமதியிடம் சொன்னேன். புகையும் இருந்தது.) அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டு, என்ஜினை நிறுத்தினால் தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்கவேண்டும் என்றும், முதலாம் கியரைத் தவிர வேறொன்றையும் தொடக்கூடாது என்றும், இடப்பக்கக் கதவு கழன்று விழாமல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பதாகவும் சொன்னார்.

இந்துமதி சாரதிப் பக்கத்தால் ஏறி, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கியர்த் தடியைத் தாண்டி மறுபக்கம் போய் அமர்ந்தாள். புறப்பட்டோம். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்துகொண்டு தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? சைக்கிள்கள்கூட யானை உயரத்தில் போகின்றன. சனம் படலைகளில் வந்து நின்று பார்த்தது. இந்துமதியும் தன்னை மறந்து கொஞ்சம் சிரித்தாள். நான் கண்ணாடியில் கண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு குறுக்கொழுங்கையிலிருந்து பிரேத ஊர்வலம் வந்து ஏறியது.

பாடை எங்களுக்கு முன்னால். பின்னால் ஆண்கள், பெண்கள், உறவுகள். நடுவில் நாங்கள், ஒரு சிவப்புக் காரில். முந்திப் போக இடமில்லை. ஹோர்ன் வேலை செய்யாது, செய்தாலும் செத்தவீட்டில் யார் அடிப்பது? நிறுத்தினால் கார் இரும்பு. நான் நிறுத்தவில்லை. இடைக்கிடை புகைக்குழாய் வெடித்தது. வெடி கொளுத்திக்கொண்டு வந்தவர் இரண்டு தரம் திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

சுடலைக்குத் திரும்பும் சந்தியில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அதுதான் இங்கே வழக்கம். அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும். ஊர்வலத்தை நடத்திவந்த பெரியவர், காணி உறுதி எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசு, காரோடு கூடவே நடந்தபடி குனிந்தார்.

"தம்பி, உம்மடை மனுசியை இதிலை இறக்கிவிடும். பொம்பிளையள் இதோடை திரும்ப வேணும்."

"கதவு திறவாது ஐயா. நிப்பாட்டினா பிறகு ஸ்டார்ட் வராது."

ஒரு மனிதனின் இறுதி யாத்திரையில் நான் பேசிய பேச்சு அது. நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

இந்துமதி எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. சந்தியில் ஒரு பெண்ணை நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இறந்தவரின் ஒரே மகள். கனடாவிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறாள். அவள் கத்தவில்லை, தள்ளிப்போகும் பாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் இந்துமதி.

"நிப்பாட்டினா கார் இரும்புக்குப் போகும்."

"போகட்டும்."

சொன்னதோடு நிற்காமல் ஹாண்ட் பிறேக்கை இழுத்தாள். என்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. சட்டென்று எனக்கு உறைத்தது. தன் அப்பாவைக் கொண்டுபோன நாளில் இவளும் இதே சந்தியில்தான் நின்றாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் கதைத்ததில்லை. நான் கேட்டதுமில்லை. நான் இறங்கி வழிவிட்டேன்.

"இஞ்சை வாரும் பிள்ளை. ஏறும்" என்று இந்துமதி அந்த மகளைக் கூப்பிட்டாள்.

எல்லாரும் நொத்தாரிசைப் பார்த்தார்கள். அவர் காரைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொம்பிளையள் சுடலைக்கு நடந்து போறேல்லை எண்டதுதான் வழக்கம்" என்றார். "உவை நடக்கேல்லையே. பழுதான வாகனம், ரோட்டிலை நிக்கேலாது. தள்ளுங்கோ."

வாழ்நாள் முழுவதும் காணி உறுதிகளில் ஓட்டை அடைத்தவர், அன்று ஓர் ஓட்டையைத் திறந்துவிட்டார்.

மகள் இடப்பக்க ஆசனத்தில் இருக்க, இந்துமதி ஸ்டியரிங்குக்கு வந்து ஹாண்ட் பிறேக்கை விட்டாள். அவள் அதுவரை ஸ்கூட்டியைத் தவிர எதுவும் ஓட்டியதில்லை. நாங்கள் தள்ளினோம். கார் முதலாம் கியரிலேயே இருந்தது, அதை எடுத்துவிட எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் ஒரு பெரிய வெடியோடு என்ஜின் தானாகப் பிடித்துக்கொண்டது. கார் எங்கள் கைகளை விட்டுப் போனது. புகைக்குள் நானும் நொத்தாரிசும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். பாடை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைக் கூட்டினார்கள். அன்று பாடையில் கிடந்த மனிதர் கொஞ்சம் விரைவாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

சுடலை வாசலில் ஒரு மணல் கும்பியில் மூக்கைக் குத்தி கார் நின்றது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தபோது, அந்த மகள் ஆசனத்தின் மேல் ஏறி, முன் கண்ணாடியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். கூரை இல்லாத கார். ஆண்களின் தலைகளுக்கு மேலாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. இந்துமதி அவளுடைய இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். தீ மூட்டும்வரை இருவரும் அசையவில்லை. அழகான கார் என்று இத்தனை வருடம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேனே, அன்று கார் என் கண்ணிலேயே படவில்லை.

காரைக் கட்டியிழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சுடலைக்குப் போய்வந்த காரியம், நல்லூர்ப் பக்கம் தலைவைக்க முடியாது. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த இரும்புக்காரர் படலையில் காத்துக்கொண்டிருந்தார். தலைமுழுகிவிட்டு வந்த இந்துமதி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தாள். பிறகு ஈரத்தலையைத் துவட்டியபடி தீர்ப்பைச் சொன்னாள்.

"திருத்துங்கோ. நீங்கள் எனக்கு முந்திப் போனா, நான் இதிலைதான் பின்னாலை வருவன்."

அந்தத் திருத்தம் எங்களை ஓட்டாண்டியாக்கியது. தையல் வகுப்பு இன்னும் விறாந்தையில்தான் நடக்கிறது. கலியாணத்துக்கு அந்தக் காரை யாரும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், மெல்லிய குரலில் ஒரு பெண் இந்துமதிக்கு அழைப்பெடுப்பாள்: "அக்கா, கார் ஓடுமோ?" இந்துமதிதான் ஓட்டிக்கொண்டு போவாள். எனக்கு அதில் இடமில்லை, இரண்டே ஆசனம்.

வீட்டில் நான் இருமினால் எங்கள் மகன் அறையிலிருந்து குரல் கொடுப்பான்: "அம்மா, காருக்குப் பெற்றோல் அடிக்கட்டோ?"

இந்துமதி மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்: "பொறு. இன்னும் ரெண்டு தரம் இருமட்டும்."