மஞ்சள் எழுத்தில் ஒளிந்த இளவரசன்

கொட்டகலை,
2005 ஆவணி, ஞாயிறு.

கொழும்பில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மருமகன் தனுஷனுக்கு, மாமா முத்துலிங்கம் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை லெட்சுமியும் முருகன் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் சௌக்கியமாக இருந்தால் மகிழ்ச்சி. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருந்தால் எனக்கு ஆச்சரியம்.

போன தீபாவளிக்கு நீ கொண்டுவந்து மாட்டிய கம்ப்யூட்டரில் என் மகள் பிரேமினி என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, "படிக்கிறா மாமா" என்றாய். அது பல ஊர் ஆட்கள் கூடி, ஒருவர் ராணி, ஒருவர் மந்திரி என்று வேசம் எடுத்துக்கொண்டு, அவரவர் பேச்சை அவரவரே மாறி மாறி எழுதும் கதை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கட்டிக் கொடுத்த மேஸ்திரி நீதான் என்பதையும் சொல்லவில்லை. காலமெல்லாம் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நான் ஒட்டிய நோட்டீஸ் மழையில் நனைந்த பிறகும் விளங்கும். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, வேற என்ன வேணும்? உன் பக்கம் தார் ஊத்துன ரோட்டு மாதிரி ஒரே கறுப்பு, அதுக்கு மேல கத்திரிப்பூ நெறத்துல எழுத்து. மேலேருந்து நட்சத்திரம் வேற உதிருது. பூச்சி விழுதுன்னு நெனச்சு நா துண்டால தட்டுனேன். தலைப்பு நிக்கவே மாட்டேங்குது, ஒரு கோடியிலருந்து மறு கோடிக்கு ஓடுது. "மரகத"ன்னு படிச்சேன், மிச்சம் தப்பிச்சிருச்சு, அது திரும்பி வர்ற வரைக்கும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னேன். எழுதுற ஆளோட பேரு பூசணிக்கா தண்டிக்கு, பக்கத்துல போட்டோவும் இருக்கு. அந்த ஆளு எடுத்த வேசத்தோட பேரு கடுகு தண்டிக்கு அடியில கெடக்கு. இளவரசன் பேச்சுக்கு மட்டும் வெள்ளைப் பெட்டி, அதுல மஞ்ச எழுத்து! சோத்துல பருப்புத் தண்ணியால எழுதுனா எவன்டா படிப்பான்?

கேளு. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரேமினி நல்ல சட்டை போட்டுக்கிட்டு "ஸ்டேசன் பக்கம் போயிட்டு வாறேம்பா"ன்னு கெளம்பிட்டா. கம்ப்யூட்டர் அணையாம இருந்துச்சு. கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்தா, எம்மகள் போட்டோ, எம்மகள் பேரு, அதுக்குக் கீழ, "இன்று அந்தியில் கோட்டைக்கு வந்துவிடுவேன். கொடுங்கோலரான தந்தையின் முகத்தில் இனி விழிக்க மாட்டேன்." வெள்ளைப் பெட்டியில மூக்கு முட்டுற அளவு குனிஞ்சதுல ரெண்டே சொல்லு தெரிஞ்சுச்சு, "இளவரசன்", "காத்திருப்பேன்". நம்ம ஊருல கோட்டைன்னா என்னடா? கொழும்புக் கோட்டை ஸ்டேசன். இளவரசன்னா? நம்ம ஆளுங்க புள்ளைக்கு வைக்கிற பேரு. நா வேற என்னத்த நெனைக்கிறது? ஒங்கத்தை "நம்ம புள்ள அப்புடிச் செய்யாதுங்க"ன்னு சொல்லிக்கிட்டே என்னைய முந்தி செல்லசாமியோட த்ரீவீலர்ல ஏறிட்டா.

ஸ்டேசன்ல கொழும்பு ரயிலுக்கு சனம் நெறஞ்சு நிக்குது. பிரேமினியும் நிக்கிறா. அவளுக்குப் பக்கத்துல ஹெல்மெட்டும் கையுமா ஒரு பய. "யாருடி இளவரசன், இவனா?"ன்னு அவன் சட்டையப் புடிச்சிட்டேன். அந்தப் பய பயந்துபோயி "மொகத அங்கிள்?"ங்கிறான், என்ன அங்கிள்னு. சிங்களப் பையன், அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தவனாம். அப்பத்தான் பின்னாலருந்து ஒரு கொரலு. இங்க ஸ்கூல்ல படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து செல்வமலர் டீச்சர், கையில சூட்கேசு.

"ஐயா, அந்தப் பெடியனை விடுங்கோ. இளவரசன் நான்தான்."

நா அவன் சட்டைய விட்டுட்டேன். டீச்சர் விடல. "உது கதை ஐயா, உங்கட மகள் அதிலை இளவரசி. காமன் கூத்திலை மீசை வழிச்ச ஆம்பிளை ரதியா வந்தா கும்பிடுறியள். நான் இளவரசனா வந்தா மட்டும் ரயிலை மறிப்பியளோ?" பிளாட்பாரமே சிரிச்சுச்சு. பிரேமினி சிரிக்கல. டீச்சர ரயிலேத்தத்தான் வந்தாளாம். "எம்மேல ஒங்களுக்கு நம்பிக்கை இவ்வளவுதானாப்பா?"ன்னு மெதுவாத்தான் கேட்டா. அடிச்சிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது. அன்னையிலருந்து தேத்தண்ணிய மேசையில வச்சிட்டு ஒரு வார்த்தை பேசாமப் போயிடுறா. எழுதுறதையும் விட்டுட்டா.

இதுக்கெல்லாம் யாரு காரணம்? நீ. "இவை யாவும் கற்பனை"ன்னு நீ போட்டிருந்ததக் கண்டுபுடிச்சிட்டேன், பக்கத்தோட அடிப் பாதாளத்துல, கறுப்புல கருநீலம்! ஒளிச்சு வைக்கிறதுக்கா எழுதுன? பேசுறது யாருன்னே ஒருத்தனுக்கும் தெரியாதப்ப நட்சத்திரம் உதுத்து என்ன கண்ட? மானமுள்ளவனா இருந்தா கடுதாசி கெடச்ச அன்னைக்கே அந்தப் பக்கத்தை இழுத்து மூடு. இல்லாட்டி வெள்ளையடிச்சு, கறுப்புல எழுது.

உன் அம்மாவிடம் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லவும். சகல சௌபாக்கியமும், முக்கியமாக நிறம் பிரித்துப் பார்க்கும் கண்ணும், முருகன் உனக்கு அருளட்டும்.

ஆசிகளுடன்,
மாமா முத்துலிங்கம்

பி.கு: கடிதத்தை ஒட்டும் முன்பு பிரேமினியிடம் போய், "அப்பா செஞ்சது தப்புத்தாம்மா" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, "மந்திரவாதி வேசத்துக்கு ஆளில்லப்பா" என்றாள். மறுநாள் காலையில் ஒரு சாபம் எழுதினேன். கனடாவிலிருந்து லக்சனா என்றொரு பிள்ளை, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆகவே பக்கத்தை மூடிக் கீடி வைத்துவிடாதே. என் எழுத்து ரத்தச் சிவப்பில், எல்லாரையும் விடப் பெரிதாக இருக்க வேண்டும். நான் வரும்போது மின்னல் வெட்ட வேண்டும். வெள்ளையில் மின்னல் எடுபடாது, அந்தக் கறுப்பே இருக்கட்டும்.