சேர் வால்டரின் காணியைப் பறித்த கதை

நடந்தது இவ்வளவுதான்:
1. வருங்கால மாமனாரின் பிறந்தநாளுக்கு அவருடைய வம்சவரலாற்றை ஆராய்ந்து பரிசளித்தேன்.
2. அவர் கொண்டாடும் முன்னோரான சேர் வால்டரிடமிருந்து மூன்று பண்ணைகளைப் பறித்தேன்.
3. மூன்றையும் வால்டரின் தங்கை அலிசுக்கு எழுதிக்கொடுத்தேன்.
4. மாமனாரின் சொந்தத் தங்கை மார்கரெட் அதே மேசையில் இருந்தார்.

மாமனார் எட்வர்ட், சுவிஸின் பீல் நகரில் குடியேறிய ஆங்கிலேயர். இடைக்கால இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பம் (நிலம் போய்விட்டது, பெருமை போகவில்லை). இரண்டு வருடங்களாக என்னுடன் வானிலையைத் தவிர எதையும் பேசியதில்லை. பிறந்தநாள் மதிய உணவில் அவருடைய மகன் தோமஸும் நானும் எங்கள் நிச்சயத்தை அறிவிப்பதாக இருந்தோம். அதற்குள் அவர் மனத்தில் இடம்பிடித்துவிட வேண்டும் என்பது என் தீர்மானம்.

கைக்கடிகார உதிரிப்பாகங்களைப் பரிசோதிப்பது என் தொழில். படிவத்தில் வெற்றுப் பெட்டி இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வம்ச அட்டவணையில் ஒரேயொரு பெட்டி வெறுமையாக இருந்தது. பண்ணைகள் வால்டரின் தாய்க்குச் சீதனமாக வந்தவை. தாய் இறந்தபின் அவை யாருக்குப் போயின என்று காட்டும் ஏட்டைக் காணவில்லை. டீட்டிகோனிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“அம்மா, தாயின்ர சீதனக் காணி பிறகு ஆருக்குப் போகும்?”

“இதென்ன கேள்வி பிள்ளை? பெட்டைக்குத்தான். பெடியனுக்கு என்னத்துக்கு?”

“சரி, வைக்கிறன்.”

“பொறு, ஆற்ற காணி? எங்கட ஆக்களோ?”

“இல்லையம்மா, இங்கிலாந்து.”

“அங்கையும் தாய் தாய்தானே!”

பெட்டியை நிரப்பினேன். (அங்கே எல்லாம் மூத்த மகனுக்கே என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நான் பொறியியல் படித்தவள்.)

பிறந்தநாளன்று இரண்டு மீற்றர் நீள வம்சப் படத்தை மேசையில் விரித்தேன். எட்வர்டின் விரல் வால்டரிடம் வந்து நின்றது. அவர் பெயருக்குக் கீழே நான் தெளிவாக எழுதியிருந்தேன்: ‘நிலம் இல்லை.’

“எந்தச் சட்டப்படி?” என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. “யாழ்ப்பாணத்துச் சட்டப்படி.”

மார்கரெட் முள்ளுக்கரண்டியை வைத்தார். “எட்வர்ட், ஆண்பிள்ளை என்றுதானே அப்பாவின் முத்திரை மோதிரத்தை நீ வைத்திருக்கிறாய்? கழற்று. நான் யாழ்ப்பாணம் போகிறேன்.”

எட்வர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆதாரங்களைக் காட்டு.” ஒவ்வொரு பெட்டிக்கும் வழக்காடினோம். என் காது சுட்டது, ஆனாலும் விடவில்லை. சூப் ஆறியது. நடுவே தோமஸ் எழுந்து நாங்கள் கல்யாணம் செய்யப்போவதை அறிவித்தான்.

“சந்தோஷம், உட்கார்,” என்றார் எட்வர்ட், தலை நிமிராமலே. “உன் மனைவியும் நானும் இன்னும் நாலாம் தலைமுறையைத் தாண்டவில்லை.”

இன்றைய நிலவரம்: திருத்திய படம் எட்வர்ட் வீட்டில், திருத்தாதது மார்கரெட் வீட்டு வரவேற்பறையில். அங்கே போனால் எட்வர்ட் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கடைசித் துண்டு கேக்குக்குப் போட்டி வந்தால் யாராவது “எந்தச் சட்டப்படி?” என்று கேட்பார்கள். கேக் மார்கரெட்டுக்குப் போகும்.