மூணு கோயிலார் கொடுத்த இடம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களின் மூன்று சபையாரும் ஒரே மனதாய் ஒத்துப்போன காரியம் ஒன்றே ஒன்றுதான். 'மூணு கோயிலார்' என்று ஊரார் அழைத்த மனிதர் தங்களுக்கு வேண்டாம் என்பதே அது.

குடவாசலுக்குத் தெற்கே, மதகு திறக்கும் லஸ்கராக அவர் வேலை பார்த்தார். பிறப்பால் கத்தோலிக்கர். ஞாயிறு விடியலில் பூசை காண்பார். ஒன்பது மணிக்கு எங்கள் லுத்தரன் கோயிலின் கடைசி பெஞ்சில் அமர்வார். மாலையில் பெந்தெகொஸ்தே கொட்டகையில் கை தட்டுவார். தட்டும்போது மடியிலிருந்து ஜெபமாலை விழும். எங்கள் கோயிலில் யாவரும் உட்கார்ந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் மண்டியிடுவார். எவரைக் கேட்டாலும் அவரை அடுத்த சபையின் ஒற்றர் என்பார்கள்.

கத்தோலிக்கரின் பங்குச்சாமி ஒருநாள் அவரை வழிமறித்தார்.

"ஏன்யா, அங்க போய் உக்காந்திருக்கியாமே?"

"உங்க பிரசங்கம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது சாமி. வயிறு நிறையல."

எங்கள் குருவானவருக்கும் பதில் கிடைத்தது. "சாமி கையால நன்மை வாங்கறது அங்க, பிரசங்கம் இங்க, கைதட்டு கொட்டகையில. எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கலைங்க ஐயா."

ஞாயிறுகளில் மதகு தாமதமாகவே திறக்கும். மிராசுதார் வரப்பில் நின்று, "தண்ணி எங்கய்யா?" என்று கத்துவார். "ஜெபத்துல இருக்குங்க, வந்துடும்" என்பார் இவர்.

ஆட்சி மாறி, சுவர்களிலெல்லாம் புதிய எழுத்துகள் ஏறியிருந்த காலம். வயல்களில் மட்டும் எதுவும் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெருவார் அறுவடையை நிறுத்தினர். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அந்தக் கைகலப்பில் என் அண்ணன் தலையில் அடிபட்டு, திருவாரூர் ஆஸ்பத்திரியில் இறந்தான்.

எங்கள் கல்லறைத் தோட்டத்திற்கு மிராசுதாரின் வரப்பைத் தவிர வேறு வழியில்லை. அதில் அவருடைய ஆட்கள் முள் வெட்டிப் போட்டுவிட்டார்கள். "பொணம் எங்க வரப்புல போகக்கூடாது." உடல் இரண்டாம் நாளும் வாசலில் கிடந்தது. சாயங்காலத்திற்குள் புதைக்காவிட்டால் தாங்களே எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று போலீசார் சொன்னார்கள். என் தாய் அழக்கூட வலுவின்றிப் படுத்திருந்தாள்.

கத்தோலிக்கர் கல்லறை சாலையோரமாகவே இருந்தது. சென்று கேட்டோம். சாமி தயங்கினார்; அவருடைய சபைப் பெரியவர்கள் தயங்கவில்லை.

"வேத்து சபைப் பொணத்துக்கு இங்க எடமில்ல."

அப்போது மண்வெட்டியோடு மூணு கோயிலார் வந்தார்.

"எம் பொண்டாட்டிக்குப் பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் ஒதுக்கியிருக்கீங்கல்ல?"

"ஆமா, அது உனக்கு."

"எனக்குன்னா நான் கொடுக்கலாம். இந்தப் புள்ளைக்குக் கொடுத்துட்டேன்."

"நீ செத்தா எங்கய்யா போவ?"

"அதைச் செத்த பிறகு பாத்துக்கறேன்."

"அறிவிருக்கா? பக்கத்துல படுத்திருக்கறது உன் பொஞ்சாதி!"

"இருக்கட்டுமே. அவ எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவா."

துக்கத்தில் நின்ற எங்களில் இருவர் சிரித்தேவிட்டனர், நானும் ஒருவன். சாமி போய்க் கல்லறைக் கதவைத் தம் கையாலேயே திறந்தார்.

பல ஆண்டுகள் கழிந்து, ஓர் ஐப்பசி மழையில் மூணு கோயிலார் காலமானார். பிள்ளைகள் இல்லை. கத்தோலிக்கர் கல்லறை நிரம்பிவிட்டிருந்தது. இதற்குள் மிராசுதாரின் அந்த வரப்பு அரசாங்கப் பாதையாகியிருந்ததால், எங்கள் தோட்டத்தில் இடம் கேட்டேன். 'வேத்து சபைப் பொணம்' என்று அன்று கத்தோலிக்கப் பெரியவர்கள் பேசிய அதே பேச்சை எங்கள் மூப்பர்களும் அரைநாள் பேசினார்கள். வாதாடி முடித்தபோது கிடைத்தது, நீர் ஊறும் வாய்க்கால் ஓரம். ஆயினும் கிடைத்தது.

நவம்பர் இரண்டாம் நாள் கத்தோலிக்கர் தம் இறந்தோரின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவர். எங்களிடம் அவ்வழக்கம் இல்லை. இவரோ எங்கள் மண்ணில் படுத்திருப்பதால் அவர்களும் வருவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் நான் ஒன்று ஏற்றுகிறேன். சென்ற ஆண்டு எங்கள் சபைச் செயலாளர் பார்த்துவிட்டு, "என்னங்க பெரியவரே, இது நம்ம வழக்கமில்லையே?" என்றார்.

"எனக்கு இல்லைங்க. அவருக்கு உண்டு" என்றேன்.

எனக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. எனக்குப் பின் ஏற்றுபவர் யாரென்று தெரியவில்லை. வாய்க்கால் ஓரம், தெற்கிலிருந்து மூன்றாவது. பெயர்ப் பலகை கிடையாது. இந்தக் கடிதத்தைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.