அழுத ரோபோவும் பேச்சியம்மாவின் பசுவும்

ஹட்டனிலிருந்து வந்த பஸ் ஒரே நிறுத்தத்தில் காலியானது. அத்தனை பேரும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி வாசலில் இறங்கினார்கள். கையில் தேங்காய், வெற்றிலை, கக்கத்தில் சேவல். திருவிழாவா? இல்லை. ரோபோ தரிசனம்!

கொழுந்துச் சாக்கை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போகக் கம்பெனி இறக்கிய ரோபோ அது. ஆட்களோடு பழகட்டும் என்று திரையில் ஒரு முகமும் வைத்தார்கள். அந்த முகம் சிலரைப் பார்த்துச் சிரித்தது. சிலரைப் பார்த்து அழுதது. போதாதா? மஸ்கெலியாவிலிருந்து உடுக்கையோடு வந்து சேர்ந்தார் குறி சொல்லும் கோடாங்கி கணேசமூர்த்தி.

“இதுக்குள்ள அம்மன் குந்தியிருக்கா! அழுதான்னா உனக்கு தோஷம்!”

தோஷம் கழிக்க ஒரு சேவல். கழித்துவிட்டு வந்து நின்றால் ரோபோ சிரித்தது. நிஜமாகவே சிரித்தது! அம்மனுக்கு எதற்கு சார்ஜர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று பேச்சியம்மாவைப் பார்த்துப் பொலபொலவென்று கண்ணீர் விட்டது ரோபோ. கோடாங்கி கண்ணை மூடினார்.

“சேவல் பத்தாது. வீட்டுல என்ன வளக்குற?”

“ஒரு கறவைப் பசுங்க சாமி. அது பாலுலதான் எங்க மாசமே ஓடுது.”

“அதைத்தான் அம்மன் கேக்குறா. ஓட்டிட்டு வா.”

அம்மனுக்குப் பால் தேத்தண்ணி பிடிக்கும்போல.

அழுதுகொண்டே பசுவை இழுத்து வந்தாள் பேச்சியம்மா. அவளோடு கொழுந்தெடுக்கும் சுலக்ஷனா வழியை மறித்தாள். கையில் தன் லயத்து வீட்டு வாசலில் தொங்கிய திருஷ்டி பொம்மை. கோரைப்பல் தெரிய இளிக்கிற மூஞ்சி.

“சாமி, இதுக்கு தோஷம் இருக்கான்னு பாத்துருவோம்.”

பொம்மையை ரோபோவுக்கு முன்னால் நீட்டினாள். ரோபோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

“பாத்தீங்களா? இது ஒரு சேவலும் குடுக்கல! அக்கா, நீங்க வாங்க. சிரிங்க பாப்போம்.”

“அடி போடி! மாடு போகுதுன்னு வயிறு எரியுது, சிரிக்கணுமாம்!”

“சும்மா பல்லைக் காட்டுங்கக்கா!”

வேண்டாவெறுப்பாகக் காட்டினாள். ரோபோவும் காட்டியது!

எதிரில் நிற்கிற மூஞ்சியைத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு சாக்குச் சுமந்து வருகிறவள் எந்த முகத்தோடு வருவாள்? தோஷம் போனது என்று நம்பினால் சிரிக்காமல் என்ன செய்வாள்?

“இப்ப நீங்க நில்லுங்க சாமி!”

அழுமூஞ்சியோடு நழுவப் பார்த்த கோடாங்கியைக் கூட்டம் பிடித்து நிறுத்தியது. ரோபோ தேம்பித் தேம்பி அழுதது.

“ஐயையோ, சாமிக்கே தோஷம்! உங்க வீட்டுல மாடு இருக்குங்களா?” என்றாள் சுலக்ஷனா.

சேவல்களை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் தொற்றினார் கோடாங்கி. பேச்சியம்மா பசுவோடு வீட்டுக்கு நடந்தாள்.

சாக்குத் தள்ள ரோபோ வந்துவிட்டது, அழவும் சிரிக்கவும் வந்துவிட்டது. யோசிக்கிற வேலைக்குத்தான் எங்கள் தோட்டத்தில் இன்னும் ஆள் காணாது. விருப்பமுள்ளவர்கள் நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்கலாம்.