பரங்கிக்கு ஆண் பூ தேடிப் போன காலை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். காலையில போய் ஒரு பரங்கிப் பூ வாங்கிட்டு வரணும். ஒம்பது மணிக்குள்ள.

கடையில கிடைக்கிற பூ இல்ல. பரங்கிக் கொடியில பூக்குற ஆண் பூ.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடுறேன். திருத்துறைப்பூண்டியில ஒரு ஸ்கூல்ல பத்தொம்பது வருஷமா தாவரவியல் டீச்சரா இருக்கேன். மகரந்தச் சேர்க்கைப் படத்தைக் கண்ணை மூடிக்கிட்டு போர்டுல போடுவேன். ஆனா எங்க வீட்டு மாடியில மூணு வருஷமா பரங்கி போடுறேன், இதுவரைக்கும் ஒரு காய் பார்த்ததில்ல. இந்த விஷயம் பசங்களுக்குத் தெரியாது.

இந்த வருஷம் ரொம்ப உஷாரா இருந்தேன். சித்திரை வெயில்ல செடியெல்லாம் கருகிடும்னு பங்குனியிலேயே பச்சை வலை வாங்கிக் கட்டினேன். தொட்டிக்கெல்லாம் தேங்காய் நார் போட்டு மூடினேன். வெயில் வரட்டும், ஒரு கை பார்த்துக்கலாம்னு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் வரல.

கத்திரி பொறந்தும் வானம் மூடியே கிடந்துச்சு. காலையில தூறல், மத்தியானம் சிலுசிலுன்னு காத்து. மே மாசத்துல நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு செடிக்குத் தண்ணி ஊத்தினேன். தண்ணியும் தேவையில்லதான், பழக்க தோஷம். உளுந்து அறுத்துக் களத்துல போட்டவங்க கவலை பெரிய கவலை, அதுக்கு முன்னாடி என்னோடது ஒன்னுமே இல்ல. ஆனாலும் சொல்றேன். மிளகாய் இலை சுருண்டுக்கிச்சு. வெண்டை முழங்கால் உயரத்துலயே நின்னுடுச்சு. தக்காளி, பூவா பூத்து பூவாவே கொட்டிடுச்சு.

பரங்கிக் கொடி மட்டும் சொகுசா படர்ந்துச்சு. பூவும் பூத்துச்சு. ஆனா அத்தனையும் பெண் பூ.

குளிர்ச்சியா இருந்தா பரங்கியில பெண் பூ கூடும், ஆண் பூ குறையும். எங்க கொடியில ஆண் பூ சுத்தமா இல்ல. இருந்திருந்தாலும் தூறல்ல தேனீ எங்கே வருது? பெண் பூவுக்குக் கீழ குட்டியா ஒரு பிஞ்சு இருக்கும். மகரந்தம் கிடைக்கலைன்னா அது மஞ்சளாகி விழுந்துடும். அப்படி அஞ்சு விழுந்தாச்சு. ஆறாவது ஒன்னு மறுநாள் காலையில விரியுற மாதிரி இருந்துச்சு.

அது காய்ச்சே ஆகணும். ஏன்னா எங்க வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்திருந்தார்.

வாடகை வீட்டுக்காரர் இல்ல, என் புருஷன். பேர் அருள். தாலுகா ஆபீஸ்ல சர்வேயர். துணி காயப் போடுற கொடிக்கயிறு வரைக்கும் பரங்கி ஏறிடுச்சு. மிச்சம் இருக்குற இடத்துல போட்ட துணியும் இந்த வானத்துக்குக் காயல. மூணு நாளா ஈரச் சட்டையோட ஆபீஸ் போனவர், நாலாவது நாள் மாடிக்கு வந்து டேப் பிடிச்சு அளந்தார். முக்கால்வாசி மாடி ஆக்கிரமிப்புல இருக்குன்னார். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பிஞ்சாவது நிக்கலைன்னா கொடியை அப்புறப்படுத்திடுவாராம்.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை.

எங்க ஸ்கூல் தமிழ் டீச்சர் கலைச்செல்விகிட்ட போன்ல புலம்பினேன். முத்துப்பேட்டை போற வழியில ஒரு கிராமத்துல அவங்க மாமா வீடு இருக்கு, மாட்டுக் கொட்டகை மேல பரங்கி படர்ந்து கிடக்கு, ஆண் பூ வேண்டிய மட்டும் பறிச்சுக்கலாம்னாங்க. அடையாளம் கேட்டேன். கோயிலைத் தாண்டினா மூணாவது வீடு, நீலக் கேட்டுன்னு சொன்னாங்க.

பரங்கிப் பூ விடியக்காலையில விரியும், ஒம்பது ஒம்பதரைக்குச் சுருங்கிடும். அதனால சனிக்கிழமை ஆறரைக்கே ஸ்கூட்டியை எடுத்தேன். கோயில் வந்துச்சு. எண்ணினேன். முதல்ல இருந்தது ரேஷன் கடை, அதை வீடுன்னு கணக்குல எடுத்துக்கல. மூணாவது வீடு வந்துச்சு. நீலக் கேட்டுதான். தட்டினேன்.

கலைச்செல்வி கணக்குல ரேஷன் கடையும் வீடுதான்னு எனக்கு அப்போ தெரியாது. நான் நின்னது பக்கத்து வீடு, அங்கேயும் நீலக் கேட்டு.

அதைவிட முக்கியமா இன்னொன்னும் தெரியாது. அந்த வீட்ல முப்பத்திரண்டு வயசுல கல்யாணமாகாத மகன் இருக்கார். அவருக்குப் பொண்ணு பார்த்துச் சொல்றேன்னு கலைச்செல்வி வாக்குக் கொடுத்திருக்காங்க.

ஒரு அம்மா வந்து கேட்டைத் திறந்தாங்க. கலைச்செல்வி டீச்சர் அனுப்பினாங்க, பூ விஷயமா வந்திருக்கேன்னு சொன்னேன்.

நம்ம பக்கம் பூ விஷயம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். நிச்சயத்துக்கு முன்னாடி பொண்ணுக்குப் பூ வைக்கிறது. அந்தம்மா முகம் அப்படியே மலர்ந்துபோச்சு. வாங்க வாங்கன்னு கையைப் பிடிக்காத குறையா உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. ஒரு பூவுக்கு இவ்வளவு மரியாதையான்னு எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஹால்ல உட்கார வெச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் அவசரமா சட்டையை மாட்டிக்கிட்டு வந்து எதிர்ல உட்கார்ந்தார். அந்தம்மா உள்ளே போய்க் காபியோட வந்தாங்க. வரும்போது வேற சேலையில வந்தாங்க. அதை நான் கவனிச்சேன். கவனிச்சும் எனக்கு ஒன்னும் தோணல.

பொண்ணு எப்படி இருக்கும்னு அந்தம்மா கேட்டாங்க. கலைச்செல்வி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க போலன்னு நினைச்சேன். செடி வளக்குற நாங்களும் பெண் பூவைப் பொண்ணுன்னுதான் சொல்லுவோம்.

தளதளன்னு இருக்குங்க, மாடியிலதான் வளருதுன்னேன். வெளியில பழக்கம் இல்ல போல, அடக்கமான பொண்ணுன்னு ரெண்டு பேரும் தலையாட்டிக்கிட்டாங்க. காலையிலேயே முடிச்சிட்டா நல்லது, ஒம்பது மணி தாண்டிட்டா வேலைக்கு ஆகாதுன்னேன். ராகுகாலத்தைச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டாங்க.

அப்புறம் ஐயா கேட்டார். "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?"

"மொத்தம் ஆறுங்க. அஞ்சு போயிடுச்சு. இது ஒன்னுதான் மிச்சம்."

ஐயா காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டார். அந்தம்மா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு, என்ன ஆச்சுன்னு மெதுவா கேட்டாங்க.

"மஞ்சளாகி மஞ்சளாகி ஒன்னொன்னா விழுந்துடுச்சுங்க."

"மஞ்சக்காமாலையா? டாக்டர்கிட்ட காட்டலையாம்மா?"

"வேப்பெண்ணெய் அடிச்சுப் பார்த்தேங்க. கேக்கல."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்த நேரம் உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கிட்டே ஒருத்தர் வந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோள்லேர்ந்து எடுத்துட்டு, "டீச்சர், நீங்களா?"ன்னார்.

முரளி. பிளஸ் டூவுல என் கிளாஸ். இப்போ ஓசூர்ல இன்ஜினியரா இருக்கார், லீவுல வந்திருக்கார். படிக்கிற காலத்துல மகரந்தச் சேர்க்கைப் பாடத்தை நாலு தடவை எழுத வெச்சு நான் பாடாப் படுத்தின பையன். அந்த எழுத்து வீண் போகல. நின்ன இடத்துலயே புரிஞ்சுக்கிட்டார்.

"டீச்சர், நீங்க கேக்குறது பரங்கிக்கு ஆண் பூவா?"

ஆமான்னேன். அம்மா அப்பாகிட்ட அவரே எடுத்துச் சொன்னார். ஐயா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். நானும் சிரிச்சேன், வேற வழி இல்ல. அந்தம்மா மட்டும் சிரிக்கல. சேலைத் தலைப்பை நீவி விட்டுக்கிட்டு நின்னாங்க. அப்பதான் அவங்க எதுக்குச் சேலை மாத்திக்கிட்டாங்கன்னு எனக்கு உறைச்சுது. எங்க போய் முகத்தை வெச்சுக்கிறதுன்னு தெரியல. மன்னிச்சுக்குங்கன்னேன்.

"பரவாயில்லம்மா. காபி ஆறுது, குடிங்க."

குடிச்சேன். கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில கொடுத்தாங்க. உள்ளே முரளியோட ஜாதகமும் போட்டோவும். ஸ்கூல்ல டீச்சருங்க நிறைய பேர் இருப்பாங்க, எதுக்கும் இருக்கட்டும்னாங்க.

முரளியே பக்கத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஈரக் கொட்டகை மேல ஏறி மூணு ஆண் பூ பறிச்சுக் கொடுத்தார். தூறல்ல நனையக் கூடாதுன்னு ஜாதகக் கவருக்குள்ளேயே பூவை வெச்சு, ஸ்கூட்டி கொக்கியில மாட்டினேன். மணி எட்டே கால்.

ஊருக்குள்ள நுழையுற இடத்துல ரயில்வே கேட்டை மூடிட்டாங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, ரயில் வருதான்னு ரெண்டடி முன்னாடி போய் எட்டிப் பார்த்தேன். திரும்பினா, ஒரு ஆடு கவருக்குள்ள தலையை விட்டு நிக்குது. ஓடி வந்து பிடுங்கினேன். ரெண்டு பூ போயிடுச்சு. ஜாதகத்துல ராசிக் கட்டம் பாதி இல்ல. போட்டோவை மட்டும் ஆடு தொடல.

எட்டு அம்பத்தஞ்சுக்கு வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த ஒத்தைப் பூவோட மாடிக்கு ஓடினேன்.

அங்க எங்க வீட்டுக்காரர் பெண் பூவுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். தூறல்ல அவர் முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் போனதுலேர்ந்து அப்படித்தான் நிக்கிறாராம்.

"நோட்டீஸ் காலம் முடியுற வரைக்கும் சொத்துக்குச் சேதம் வரக் கூடாது"ன்னார். முகத்துல சிரிப்பே இல்ல.

ஆண் பூவோட இதழைக் கிள்ளிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவுல மெதுவா தடவினேன். பத்தொம்பது வருஷமா போர்டுல போட்ட படம், முதல் தடவையா கையில நடந்துச்சு. அவர் குடையை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சார்.

ஞாயித்துக்கிழமை பிஞ்சு பச்சையா நின்னுச்சு. அவர் வந்து பார்த்துட்டு, போய்த் துணிக்கு இன்னொரு கயிறு கட்டினார்.

இப்போ மூணு வாரம் ஆச்சு. காய் தேங்காய் அளவுக்கு வந்திருக்கு. முரளி அம்மாவுக்குப் போன் பண்ணி, ஆடு தின்ன கதையைச் சொல்லி, வேற ஜாதகம் வாங்கிட்டேன். இந்தத் தடவை வாய் விட்டுச் சிரிச்சாங்க. எங்க கெமிஸ்ட்ரி டீச்சரோட தங்கச்சிக்காக அவங்க வீட்ல அதைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

வெயிலும் வந்துடுச்சு, மண்டை காயுது. கொடி முழுக்க இப்போ ஆண் பூ. நேத்து எண்ணினேன், இருபத்தொன்னு. தேடினாலும் ஒரு பெண் பூ இல்ல.

இருக்கட்டும். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பொண்ணு கேக்குறதா இல்ல.