ஐம்பது சத ஏலம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். விதிமுறை எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், உலகம் அந்தத் தாளைப் பார்த்து நடந்துகொள்ளும் என்று நம்புவான். எனக்கு இருபத்தொரு வயதில் அந்த வியாதி முற்றியிருந்தது. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாப் பகுதியின் ஒடுங்கிய சந்து ஒன்றில் இருக்கும் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முப்பத்துநாலு பேருக்கு முன்னால் அது மாறியது. (மாறியது என்று நான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லுவா.)

எங்கள் வீட்டில் அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா அதிலும் ஒன்று குறைவு. நான் ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, கணக்கியலில் டிப்ளோமாவும் எடுத்தவன். வதிவிட அனுமதி கொடுக்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அதை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவருவார்கள். "அன்ரன் வாசிச்சால் பிழை வராது" என்பார்கள். இந்தப் புகழ் என் தலையில் ஏறி அங்கேயே குடியிருந்தது.

அப்பா கடற்கரைப் பக்கம் மொந்தெல்லோவில் ஒரு பணக்கார வில்லாவில் வீட்டுவேலை செய்தார். அங்கே இன்னுமொரு ஆள் தேவைப்பட்டது. "திங்களிலையிருந்து நீயும் வா" என்றார். டிப்ளோமாக்காரன் மாடிப்படி துடைப்பதா? நான் அப்போது ஒரு பாத்திர நிறுவனத்தின் 'கொன்சுலெந்தே'. அதாவது ஆலோசகர். அந்த நிறுவனத்தின் சட்டிபானை கடையில் கிடைக்காது. நாங்கள் வீடு வீடாகப் போய் அதில் சமைத்துக் காட்டி, சாப்பிடக் கொடுத்து, விற்க வேண்டும். மூன்று வீடுகளில் காட்டினேன். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். "இதிலை புட்டு அவியுமோ?" என்று கேட்டார்கள். போய்விட்டார்கள்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஞ்ஞோரா லொரெதானா என்ற இத்தாலிக்கார அம்மணி. சிவப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு குறிப்புப் புத்தகம். அவர் கடைசியாக ஒரு தவணை தந்தார். வருகிற ஞாயிறு தானே நேரில் வருவார். அன்று ஆறு குடும்பங்களாவது 'எங்கள் வீட்டில் வந்து செய்து காட்டுங்கள்' என்று தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதிரிப் பாத்திரப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுத் தன் பங்குக்கும் ஒரு தவணை வைத்தார்.

"ஆறு கையெழுத்து விழுந்தால் நான் வாய் திறக்கமாட்டன். விழாட்டி, திங்கள் காலமை ஏழு மணி பஸ். சரியோ?"

"ஓம்" என்றேன், வென்றுவிட்டவன் போல.

ஏனென்றால் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அமெரிக்காவில் என்னைப் போன்ற ஆலோசகர்கள் 'கால் டொலர் ஏலம்' நடத்துவதைக் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தேன். வருகிற ஒவ்வொருவருக்கும் இலக்கம் எழுதிய மட்டை ஒன்று கொடுப்பார்கள். ஒரு பொருளைக் காட்டுவார்கள். அது வேண்டியவர்கள் ஒரு கால் டொலர் நாணயத்தைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மட்டையைத் தூக்குவார்கள். பிறகு பையிலிருந்து ஓர் இலக்கத்தை எடுப்பார்கள். அந்த இலக்கக்காரருக்குப் பொருள். சேர்ந்த நாணயம் ஏதாவது நல்ல காரியத்துக்கு. பொருள் கிடைக்காதவர்களுக்கு ஆசை ஏறிவிடும், கையெழுத்து வைப்பார்கள். அந்தக் காணொளியில் எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் கால் டொலரை ஐம்பது சதமாக்கினேன். பீட்சாப் பெட்டிகளை வட்டமாக வெட்டி மட்டை செய்தேன். (எண்ணெய்க் கறை இருந்த பக்கத்தைக் கீழே வைத்துக் கொடுத்தேன்.) பதினொரு விதிகளைத் தாளில் எழுதினேன். இலக்கம் எடுப்பதற்குப் பக்கத்து வீட்டில் நத்தார் காலத்தில் விளையாடும் தொம்போலாவின் இலக்கப் பையை இரவல் வாங்கினேன். கூட்டம் வரவேண்டும் என்பதற்காக வட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரியும் போட்டேன்: "வாற காசு முழுக்க மாதா திருநாளுக்கு."

அந்த ஒரு வரிதான் என்னைத் தின்றது. அன்றைக்கு அது தெரியவில்லை.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் சிஞ்ஞோரா லொரெதானா, மடியில் குறிப்புப் புத்தகம். அவருக்குப் பக்கத்தில் எங்கள் பங்குச்சுவாமி. சிசிலிக்காரர், உருண்டையானவர், எதற்கும் சிரிப்பவர். மரியாதைக்காக அவருக்கு முதலாம் இலக்க மட்டையைக் கொடுத்தேன். அம்மாவுக்குப் பதினேழு. இத்தாலிக்காரருக்குப் பதினேழு ஆகாத எண். அது எங்கே விழப்போகிறது, வீட்டுக்காரருக்கே விழுந்தது என்ற பேச்சும் வராது என்று கணக்குப் போட்டேன். அப்பா மட்டை வாங்கவில்லை. கடைசி வரிசையில் கைகட்டி நின்றார்.

விதிகளை வாசித்தேன். யாரும் கேட்கவில்லை. முதல் பொருள், கரட் துருவி. முப்பத்துநாலு நாணயங்களும் பாத்திரத்தில் விழுந்தன. பையில் கை விட்டேன்.

"எழுபத்தொன்று."

யாரும் அசையவில்லை.

"எண்பத்தெட்டு."

மரியதாஸ் அண்ணை எழும்பினார். பல்லரோச் சந்தையில் மீன் கடைக்காரர்களோடு கதைத்துக் கதைத்து, மெதுவாகக் கதைக்கவே மறந்துபோன மனிதர்.

"தம்பி, உந்த எண்பத்தெட்டு ஆர்? இன்னும் ஊரிலையிருந்து வந்து சேரேல்லையோ?"

தொம்போலாப் பையில் தொண்ணூறு இலக்கங்கள் இருக்கும். மண்டபத்தில் மட்டை முப்பத்துநாலு. கணக்கியல் டிப்ளோமா எடுத்தவனுக்கு இந்தக் கழித்தல் வரவில்லை. மேடையில் குந்தியிருந்து, வியர்வை சொட்டச் சொட்ட, ஐம்பத்தாறு இலக்கங்களையும் பொறுக்கி எடுத்தேன். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா மணிக்கூட்டைப் பார்த்தார்.

மறுபடி கை விட்டேன். "ஒன்பது."

ரெஜினா அக்கா. எங்கள் பாடற்குழுவில் பாடுகிறவ, யாருக்கும் தீங்கு நினையாதவ. முன்னால் வந்து துருவியை இரண்டு கையாலும் வாங்கினா. எனக்கு மூச்சு வந்தது. அக்கா துருவியைக் கண்ணில் ஒற்றினா. மேசையில் திரும்ப வைத்தா.

"மாதாவுக்கு" என்றா.

மண்டபம் கைதட்டியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்பது வயதில் ஊரை விட்டவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாதான் பிறகு சொன்னா. ஊரில் கோயில் திருநாளில் நேர்த்திக்கு வந்த சேவலையும் வாழைக்குலையையும் ஏலம் விடுவார்களாம். ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மரியாதை இல்லை. கண்ணில் ஒற்றி மாதாவுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். உடனே மறுபடி ஏலம். ஒரு சேவல் ஒரே பின்னேரத்தில் ஒன்பது தரம் விலைப்பட்டு, கடைசியில் களைத்துப்போய்க் கூவினதும் உண்டாம்.

"அக்கா, இது உங்களுக்குத்தான், கொண்டுபோங்கோ" என்று கெஞ்சினேன்.

"கோயில் சாமானை நான் கொண்டுபோறதோ, தம்பி?"

தாளைத் தூக்கினேன். "நாலாம் விதி. பொருள் வென்றவருக்கே சொந்தம்."

"சொந்தமெண்டபடியாத்தானே குடுக்கிறா" என்றார் மரியதாஸ் அண்ணை. "சொந்தமில்லாததைக் குடுக்கேலுமோ?"

பதினொரு விதிகளில் இதற்குப் பதில் இல்லை.

துருவி ஐந்து தரம் ஏலம் போய் ஐந்து தரமும் திரும்பி வந்தது. ஒருவர் கொடுத்த பிறகு அடுத்தவர் வைத்துக்கொள்ள முடியுமா? எலுமிச்சை பிழிகிற கருவி நாலு தரம். வாணலி ஆறு தரம். இனி முடியாது என்று அவற்றை ஓரமாக வைத்தேன். யாரோ அவற்றை எடுத்துப்போய் மூலையில் இருந்த மாதா சொரூபத்தின் காலடியில் அடுக்கினார்கள். இன்னும் யாரோ பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினார்கள். நாணயப் பாத்திரம் நிறைந்து வழிந்தது. சனம் உண்மையான சந்தோஷத்தில் இருந்தது. சிஞ்ஞோரா மட்டும் ஒவ்வொரு முறையும் புத்தகத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அன்ரோனியோ, பதினைந்து பேர் வென்றார்கள். பதினைந்து பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொருளில் என்ன குறை?"

"குறை இல்லை, சிஞ்ஞோரா. அவர்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது."

"பிடித்திருந்தால் ஏன் திருப்பிக் கொடுக்கிறார்கள்?"

"பிடித்திருப்பதால்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "இருபது வருடமாக ஆலோசகர்கள் சொல்லும் சாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். இது புதிது."

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொருள். பிரஷர் குக்கர். சிஞ்ஞோராவே அன்றைக்கென்று கொண்டுவந்தது, கண்ணாடி போல மின்னியது. அதை ஒருவர், ஒரே ஒருவர், வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும். மற்றவர்களுக்கும் மனம் மாறும், கையெழுத்தும் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி வரிசையில் அப்பா நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் பார்ப்பது தெரிந்தது.

கை பைக்குள் போனது. வெளியே வந்தது.

பதினேழு.

மண்டபம் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. அத்தனை பெரிய பொருள், நடத்துகிறவனின் தாய்க்கே. அம்மா மெல்ல எழும்பி வந்தா. குக்கரைக் கண்ணில் ஒற்றினா, பாரம் தாங்காமல் சற்றுத் தள்ளாடினா, மேசையில் வைத்தா. "மாதாவுக்கு." கைதட்டல் கூரையைத் தொட்டது. அந்தச் சத்தத்துக்குள் என் காதுக்குள் மட்டும் சொன்னா: "வீட்டை வா, கதைக்கிறன்."

மறுபடி நாணயம் விழுந்தது. எடுத்த இலக்கத்தை வழக்கம்போலத் திரும்பப் போட்டு, பையை நன்றாகக் குலுக்கினேன். ஒருவரும் குறை சொல்லக்கூடாது என்று கண்ணையும் மூடிக்கொண்டு எடுத்தேன்.

பதினேழு.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. மரியதாஸ் அண்ணைகூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"தம்பி, பையுக்கை வேறை நம்பரும் கிடக்கோ எண்டு ஒருக்கால் பாரும்."

அம்மா மேடைக்கு வரவே இல்லை. இருந்த இடத்திலிருந்து "மாதாவுக்கு" என்றா. அது செபம் மாதிரி இல்லை, வசை மாதிரி இருந்தது.

மூன்றாம் முறை இலக்கத்தை எடுத்து, நான் வாசிக்காமல், சிஞ்ஞோராவிடமே நீட்டினேன்.

"ஒன்று" என்றார் அவர்.

பங்குச்சுவாமி குழந்தை மாதிரி எழும்பினார். மேடைக்கு வந்து குக்கரை வாங்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மண்டபம் கைதட்டத் தயாரானது. கண்ணில் ஒற்றுவதற்கான இடைவெளி வந்தது, போனது. சுவாமி குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "கிராட்ஸியே, கிராட்ஸியே" என்று எல்லோருக்கும் நன்றி சொல்லித் தலையாட்டினார். போய்த் தன் நாற்காலியில் இருந்தார்.

"சுவாமிக்குத் தெரியாது போலை" என்றா ரெஜினா அக்கா மெதுவாக.

"சுவாமிக்குத் தெரியாட்டி வேறை ஆருக்குத் தெரியும்?" என்றார் மரியதாஸ் அண்ணை.

சிஞ்ஞோராவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. கையெழுத்துத் தாளைச் சுவாமியிடம் நீட்டினார். சுவாமி வஞ்சகமில்லாமல் ஒப்பமிட்டார். ஆறில் ஒன்று.

நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "வேறை ஆருக்காவது வீட்டிலை வந்து செய்து காட்ட வேணுமோ?" என்றேன். எல்லோரும் மாதாவின் காலடியைப் பார்த்தார்கள். கடைசியில் ரெஜினா அக்காதான் பாவப்பட்டு எழும்பினா.

"அன்ரன், குறை நினைக்காதை. இப்ப உது மாதாவின்ரை சாமான். அதே சாமானை நாங்கள் வீட்டிலை வச்சுக் கருவாடு காய்ச்சிறதோ?"

எல்லாத் தலைகளும் ஆமோதித்து ஆடின. ஏலம் முடிந்தது.

திருநாளுக்கு அப்படியொரு வரவு அதற்கு முதல் வந்ததில்லை என்று கோயில் குழு என்னைப் பாராட்டியது. சிஞ்ஞோரா என் மாதிரிப் பெட்டியைக் காரில் ஏற்றினார். மாதாவின் காலடியில் இருந்ததை எடுக்க அவருக்கே மனம் வரவில்லை. போகும்போது தோளில் தட்டினார். "நல்ல பையன் நீ. ஆனால் சும்மா கொடுத்தும் வாங்க ஆளில்லாத ஆலோசகரை நான் இதுவரை கண்டதில்லை."

திங்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மொந்தெல்லோ வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு கையெழுத்து விழுந்தால்தான் வாய் திறக்கமாட்டேன் என்றவர், விழாமலே திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வில்லாவின் சமையலறைக்குள் போனோம். அடுப்பில் அதே மாதிரிக் குக்கர், அதே நிறுவனத்தின் அடையாளம், அடியில் தக்காளிச் சோஸ் தார் மாதிரிக் கருகிப் பிடித்திருந்தது. 'இதன் அடியில் எதுவும் பிடிக்காது' என்று மூன்று வீடுகளில் சத்தியம் செய்தவன் நான்.

அப்பா அதை என்னிடம் நீட்டினார். அப்போதுதான் வாய் திறந்தார்.

"இதின்ரை குணம் உனக்குத்தானே நல்லாத் தெரியும்."

மத்தியானம் வரை சுரண்டினேன்.

இப்போது காலையில் வில்லா, பின்னேரம் ஒரு அலுவலகத்தில் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்புகிற வேலை. விதிமுறைகளை வாசித்து முடித்ததும் "ஊரிலை இதை எப்பிடிச் செய்வியள்?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். அந்தக் குக்கர் சுவாமியின் குசினியில் இன்னும் விசில் அடிக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டாம் தரம் சோறு போட்டால், சாப்பாட்டுக் கோப்பையைக் கண்ணில் ஒற்றி "மாதாவுக்கு" என்று தள்ளிவைப்பதுதான் வழக்கம்.

போன மாதம் சிசிலியின் மறுகரையில் இருக்கும் கத்தானியாவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண்ணின் தகப்பன் தொலைபேசியில். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். படிப்பு, வேலை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு அவர் கேட்டார்: "அப்ப, தம்பியைத் தாறியளோ?"

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"தாறம். ஆனா கண்ணிலை ஒத்திப்போட்டுத் திருப்பித் தந்திடாதேங்கோ."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. கத்தானியாவுக்குக் கதை போயிராது என்று ஒரு கணம் நம்பினேன். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, தகப்பனுக்குப் பின்னால், ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாங்கள் சுவாமி மாதிரி எண்டு சொல்லுங்கோ, அப்பா. வச்சுக்கொள்ளுவம்."