ஆர்வில் வாங்க மறுத்த காசோலை

"இதை நான் வாங்கிக்க முடியாது மார்லிஸ்," என்றார் ஆர்வில் ஸ்கார்ஸ்டட். காசோலை இருந்த உறையை டாக்டர் அலுவலகக் கவுன்டரில் வைத்து, அது பறந்துவிடக் கூடாதென்பதுபோல் அதன்மேல் வீட்டில் சுட்ட ஹாட்டிஷ் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்தார். உருளைக்கிழங்கு வறுவலுக்கு அடியில் மாட்டிறைச்சி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

"உங்க பணம்தான் ஆர்வில். நாங்கதான் தப்பா வாங்கிட்டோம்."

"டாக்டரம்மா என்னைத் தூங்க வெச்சாங்க. மறுபடி எழுப்பியும் விட்டாங்க. அந்த ரெண்டாவது வேலைக்குக் காசு குடுக்கறதுல என்ன தப்பு?"

மார்லிஸ் சிரித்து வைத்தாள். வட மின்னசோட்டாவில் நீட்டியதை முதல் தடவையே வாங்கிக்கொள்பவரை யாரும் நல்ல குடும்பத்தில் சேர்ப்பதில்லை. மூன்று முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று கைநீட்டுவதுதான் முறை. இது முதல் வேண்டாம். இதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பயம் வேறிடத்தில் இருந்தது. குடல்வால் வெடித்து ஆர்வில் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அந்த ஆஸ்பத்திரி அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் கோல்ப் போட்டிருக்கவில்லை. அந்த மாதிரி அவசரத்தில் மீதித் தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது, கம்பெனியோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சொல்லும் அறிவிப்பை டாக்டரின் அலுவலகச் சுவரில் ஒட்டியவளே மார்லிஸ்தான். ஒட்டிய அதே கையால் ஒருநாள் தவறான பொத்தானை அழுத்தினாள். முழு பில்லும் ஆர்விலுக்குப் போய்விட்டது.

வேறு யாராவது என்றால் போன் செய்து கத்தியிருப்பார்கள். தப்பு அன்றைக்கே வெளியே வந்திருக்கும். ஆர்வில் மறு தபாலில் பணம் அனுப்பினார், நன்றி அட்டையோடு.

"தெரியாம செஞ்ச தப்புதானே," என்றார் மினியாபொலிஸிலிருந்து போனில் பேசிய டாக்டரின் வக்கீல். "முப்பது நாளைக்குள்ள பில்லை ரத்து பண்ணி, வட்டியோட பணம் அவர்கிட்ட சேர்ந்துட்டா அபராதம் இல்ல. சேரலைன்னா பத்தாயிரம் டாலர் வரைக்கும் போகலாம்."

பத்தாயிரம் போனால் டாக்டர் கோல்ப் கடையைக் கட்டிவிடுவாள். அவளுக்கு வேறு ஊர் கிடைக்கும். இந்த ஊருக்கு வேறு மயக்க மருந்து டாக்டர் கிடைக்காது. ஆனாலும் கோல்ப் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் மார்லிஸ் வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழுதிருப்பாள். மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவர் ஹாட்டிஷ் கொண்டுவந்தார்," என்றாள் வக்கீலிடம்.

"பணத்துக்கு மேல சாப்பாடும் வாங்கினீங்களா? அதையும் திருப்பிக் குடுத்துடுங்க."

திரும்பிப் பார்த்தாள். டாக்டர் கோல்ப் பாத்திரத்தின் ஓரத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பாத்திரத்தையாவது திருப்பலாம். ஆனால் வெறும் பாத்திரத்தை எப்படித் திருப்புவது? மார்லிஸ் அன்று மாலை எலுமிச்சை இனிப்புத் துண்டங்கள் சுட்டு அடுக்கி, உறையை அடியில் ஒளித்துவைத்து, பண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாளில் ஆர்வில் அதே பாத்திரத்தோடு வந்து நின்றார். உள்ளே சுத்தம் செய்த வாலாய் என்ற ஏரி மீன்கள்.

"வெறுமனே எப்படிங்க கொண்டாறது," என்றார். "அந்த எலுமிச்சை நல்லா இருந்துச்சு. அடியில ஒரு பேப்பர் ஒட்டிக்கிட்டு இருந்தது. அது மட்டும் கொஞ்சம் மென்னு தின்ன கஷ்டமா இருந்துச்சு."

உறை மீன்களுக்குப் பக்கத்தில், ஒட்டுநாடாவால் வாய் மூடப்பட்டு, பத்திரமாக இருந்தது. இரண்டாவது வேண்டாம்.

"ஏரி ஐஸ்ல ஓட்டை போட்டு மீனுக்கு உக்காந்திருந்தீங்களா? தையல் பிரிச்சு எத்தனை நாள் ஆச்சு உங்களுக்கு?"

"உக்காரத்தானே செஞ்சேன். மீன்தான் ஓடி வந்துச்சு."

இந்த முறை மார்லிஸ் பதிவுத் தபாலில் அனுப்பினாள். தபாலுக்குப் பாத்திரம் வேண்டியதில்லை, பதில் மரியாதையும் வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் அவள் வந்தபோது அலுவலக வாசலில் பனி முழுக்க அள்ளி ஒதுக்கப்பட்டிருந்தது. மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு ஆர்வில் நின்றார். சட்டைப் பையில் உறை.

"தபால்காரனை எதுக்கு அலைய விடறீங்க? பாவம், அவனுக்கு முட்டி வலி."

"பனி அள்ளினதும் கணக்குல வரும்," என்றார் வக்கீல் போனில். "அதுவும் ஒரு சேவை. அவரை எதுவும் செய்ய விடாதீங்க."

"இங்க யாரையும் எதுவும் செய்ய விடாம இருக்க முடியாதுங்க."

மூன்றாவது வேண்டாமும் முடிந்துவிட்டது. இனி வருவது மரியாதையில் சேராது. இருந்தும் நான்காவது முறையும் உறை திரும்பி வந்தது, காட்டரிசி சூப்போடு. டாக்டர் கோல்ப் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "சட்டத்தை மீறறதா இருந்தா சூடா இருக்கும்போதே மீறிடலாம்," என்றாள். அலுவலகத்தின் வங்கிக் கணக்கைப் பார்ப்பது அவள் கணவர். குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போனவர், மாதக் கடைசியில்தான் கணக்கைத் திறப்பார். அவரையும் கலவரப்படுத்த வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

மார்லிஸ் ஒன்றைக் கவனித்தாள். காலையில் பாதையில் ஆர்விலின் லாரிச் சத்தம் கேட்டால் அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போகிறது. கெடு நெருங்குகிற பதற்றம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். விவாகரத்துக்குப் பிறகு அவள் வீட்டு அடுப்பில் ஒரு ஆளுக்கான முட்டைக்கு மேல் எதுவும் வெந்ததில்லை. இப்போது மூன்று வாரமாக வெண்ணெய் தீர்ந்துகொண்டே இருந்தது. இரவில் பாத்திரத்தைக் கழுவும்போது, யாருக்கு என்று தெரியாமலே, நன்றி என்று சொல்லத் தோன்றியது. தண்டனைக்காகக் காத்திருப்பவள் இப்படியா இருப்பாள்?

ஆர்விலிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரக்கப்பட்டு வாங்கிக்கொள்வார். அந்த இரக்கத்தைத்தான் அவளால் வாங்கிக்கொள்ள முடியாது. இந்த ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

கெடு முடிகிற நாளில் வேறு வழியில்லாமல் போயிற்று. உறையை மட்டும் எடுத்துக்கொண்டு பண்ணை வீட்டுக்குப் போனாள். ஆர்விலின் மகள் ஜோலீன் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக டுலூத்திலிருந்து வந்தவள், இன்னும் திரும்பவில்லை.

"காபி போடட்டுமா?" என்றார் ஆர்வில்.

"வேணாம்."

"கொஞ்சமா?"

"வேணாம் ஆர்வில். உக்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

இரண்டாவது வேண்டாமையே இவ்வளவு உறுதியாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. உட்கார்ந்தார்.

மார்லிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பொத்தான், சட்டம், அபராதம், கோல்ப் ஊரை விட்டுப் போகக்கூடும் என்பது, தன் வேலை. "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இந்தப் பணம் உங்ககிட்ட சேரலைன்னா எல்லாம் போச்சு. என்னால தூங்க முடியல. தயவுசெஞ்சு வாங்கிக்கங்க." கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்கு வேறு அவள் மன்னிப்புக் கேட்டாள்.

ஆர்விலின் முகம் காதுவரை சிவந்தது. "எனக்குத் தெரியாது மார்லிஸ். சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றார். பிறகு எழுந்து, யாரும் கேட்காத காபியைப் போட அடுப்பருகே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஜோலீன் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பணம் நீங்க எலுமிச்சையோட கொண்டுவந்த அன்னிக்கே பேங்க்ல சேந்தாச்சுங்க, நான்தான் செக்கை போன்ல படம் எடுத்து பேங்க் ஆப்ல போட்டேன், அந்த வெத்துக் காகிதத்தைக் கிழிக்கப் போனப்பதான் அப்பா, 'கிழிக்காதே, இல்லேன்னா நாளைக்கு நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டு மார்லிஸைப் பாக்கப் போறது'ன்னு கையிலேருந்து பிடுங்கிக்கிட்டார்."